காவல் பணியாளர்களின் மேற்படிப்பு: கட்டணத்தைத் திருப்பித் தருவது மட்டும் போதுமா?

கேள்வி: வரைவாளர்

வணக்கம். காவல் துறை ஒன்றின் பணியாளர் நலப் பிரிவில் பணியாற்றுகிறேன். பணியில் இருந்துகொண்டே பட்டப்படிப்போ, பட்டமேற்படிப்போ, தொழில்சார் சான்றிதழ்ப் படிப்போ படிக்க விரும்புவோருக்குத் துறை எந்தெந்த வகையில் உதவலாம் என்பது குறித்து ஒரு திட்ட வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஏற்கெனவே ஓர் ஏற்பாடு நடைமுறையில் உண்டு. தேர்ச்சி பெற்ற பிறகு மதிப்பெண் சான்றையும் கட்டண ரசீதையும் இணைத்து விண்ணப்பித்தால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம். ஆனால் இதற்கென ஒதுக்கப்படும் தொகை ஆண்டுதோறும் முழுமையாகச் செலவாகாமல் திரும்பிப் போகிறது. அதைக் காணும் மேலதிகாரிகள் சிலர், நம்மவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு அந்த முடிவு சரியென்று படவில்லை. விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அலுவலகப் பணியில் இருப்பவர்கள் அனுப்பியவை. நிலையங்களில் முறைப்பணி பார்ப்பவர்களிடமிருந்து வந்தவை மிகக் குறைவு. படிப்பில் சேர்ந்து இடையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை, ஏனென்றால் தேர்ச்சி பெற்றவர் மட்டுமே எங்கள் கோப்புக்குள் வருகிறார்.

நான் அறிய விரும்புவது இவைதாம். கட்டண உதவியின் அளவை உயர்த்துவதால் மட்டும் நிலைமை மாறுமா, அல்லது வேறு எதையாவது முதலில் சரிசெய்ய வேண்டுமா? எந்தப் பாடத்தைப் படிக்கலாம் என்பதில் துறை கட்டுப்பாடு விதிக்கலாமா? படித்து முடித்தவருக்கு ஊதிய உயர்வோ பதவி உயர்வில் முன்னுரிமையோ தருவது உடன் பணிபுரிவோரிடையே மனக்கசப்பை உண்டாக்காதா? இத்துறையில் பணியாற்றியவர்களும், பணியாளர்களுக்குப் பாடம் நடத்தியவர்களும், பணியில் இருந்தபடியே படித்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய பயிற்றுநர்

நிலையப் பணியிலும் பிறகு பயிற்சிப் பள்ளியிலும் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கோப்பிலேயே விடை இருக்கிறது. அலுவலகப் பணியாளருக்கும் நிலையக் காவலருக்கும் ஆர்வம் ஒரே அளவில் இருக்கலாம்; ஆனால் முன்னவருக்கு மாலை எத்தனை மணிக்குப் பணி முடியும் என்பது தெரியும், பின்னவருக்குத் தெரியாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று ஷிஃப்டுகள் வாரந்தோறும் சுழலும் நிலையத்தில், மாலைக் கல்லூரியில் சேர்ந்த ஒரு காவலர் பிற்பகல் ஷிஃப்டில் இருக்கும் வாரம் முழுவதும் வகுப்புக்குப் போக முடியாது. ஆக, மூன்றில் ஒரு வாரம் கட்டாயமாகப் போய்விடுகிறது. பந்தோபஸ்து, திடீர் அழைப்பு, சாட்சியம் சொல்ல நீதிமன்றம் போவது ஆகிய எதுவும் குறுக்கிடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அவருடைய வருகைப்பதிவு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. நான்கில் மூன்று பங்கு வருகை வேண்டும் என்று கேட்கும் கல்லூரியில் அவர் சேர்ந்த நாளன்றே தேர்வெழுதும் தகுதியை இழந்துவிட்டார் என்றுதான் பொருள். இவருக்குக் கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டினாலும் பயனில்லை.

எஞ்சிய இரண்டு வாரங்களில் ஒன்று இரவுப் பணி. தூங்காத கண்ணோடு வகுப்பில் உட்காருவதைப் படிப்பு என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5,000 காவல் பணியாளர்களை வைத்து நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உறக்கக் கோளாறு இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது. இத்தகையவர்களின் ஓய்வு நேரத்திலிருந்துதான் படிப்புக்கான நேரத்தையும் எடுக்க வேண்டும் என்று திட்டம் எதிர்பார்த்தால், படிப்பும் கெடும், பணியும் கெடும், வண்டி ஓட்டும்போது உயிருக்கே கேடு வரும்.

ஆகவே பணிப்பட்டியலைத்தான் முதலில் தொட வேண்டும். அதே 2011ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை முடிவும் இங்கே பொருந்தும். அமெரிக்காவின் டெட்ராய்ட், ஆர்லிங்டன் ஆகிய இரு நகரங்களின் காவல் துறைகளில் 8, 10, 12 மணி நேர ஷிஃப்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 10 மணி நேர ஷிஃப்டில் இருந்தவர்கள் 8 மணி நேரக்காரர்களைவிடக் கூடுதலாக உறங்கினார்கள்; அவர்களுடைய மிகைநேரப் பணியும் குறைந்தது. 12 மணி நேரக்காரர்களிடம் விழிப்புநிலை குறைந்து களைப்பு மிகுந்தது. வாரத்துக்கு நான்கு நாள் பத்து மணி நேரப் பணி என்றால் மூன்று நாள் முழுதாகக் கையில் கிடைக்கிறது. மாலை வகுப்புக்கு அது உதவாது. வார இறுதி வகுப்புக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் உதவும். எல்லா நிலையங்களிலும் இது முடியாது என்பதை அறிவேன், ஆனால் ஆள்பலம் உள்ள பிரிவுகளில் முயன்று பார்க்கலாம்.

தேர்வு நாள் தனிக்கதை. நிலையப் பொறுப்பாளர் ஒருவர் தம் காவலருக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தால், எவ்வளவு ஆள் பற்றாக்குறை இருந்தாலும் அவரை அனுப்பிவைக்கிறார். அந்தத் தேதி பணிப்பட்டியலில் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. அவருடைய இடத்தில் யார் நிற்பார் என்பதும் முடிவாகிவிடுகிறது. தேர்வுக்கூட நுழைவுச்சீட்டையும் அதே மதிப்போடு நடத்த வேண்டும் என்று உங்கள் வரைவில் ஒரு வரி எழுதுங்கள். பந்தோபஸ்துக்காகத் தேர்வைத் தவறவிட்டவர் அடுத்த பருவம்வரை காத்திருந்து மறுபடி கட்டணம் கட்டுகிறார். இரண்டு முறை அப்படி நேர்ந்தால் புத்தகத்தை மூட்டை கட்டிவிடுவார். உங்கள் பதிவேட்டில் இல்லாத அந்த இடைநின்றவர்களில் பலர் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் துணிபு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படிப்பவர் வகுப்புக்குப் போன நேரத்தில் அவருடைய வேலையைச் செய்பவர் பக்கத்து மேசைக்காரர். மனக்கசப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊதிய உயர்வால் வரும் கசப்பைவிட இதனால் வரும் கசப்பே அதிகம். நிலையத்துக்கு அந்த மணிகளை ஈடுகட்டும் ஆளையோ மிகைநேரப் படியையோ தராமல், பெருந்தன்மையோடு ஒத்துழையுங்கள் என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் படிப்பவர்தான் வசவு வாங்குவார்.

மறுமொழி: இரவுப்பணிக்காரன்

பயிற்றுநர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். காவலர் நிலையில் இருந்துகொண்டு தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்தவன் நான். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: முன் அனுமதி.

படிப்பில் சேர்வதற்கு முன் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் பெற்ற பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். என் விண்ணப்பம் நிலையத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு மேசையிலும் பரிந்துரைக் குறிப்புக்காகக் காத்துக் கிடந்து, சில கேள்விகளோடு திரும்பி வந்து, மறுபடி மேலே போய், அனுமதி கையில் கிடைத்தபோது அந்த ஆண்டின் சேர்க்கை முடிந்திருந்தது. மறுப்பவர் யாரும் இல்லை, கையெழுத்திடுபவர்தான் இல்லை. விண்ணப்பித்த தேதியிலிருந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்துமூலமாக மறுப்பு வராவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்ற விதியை வரைவில் சேர்த்தால், என்னைப் போன்றவர்களுக்கு அது கட்டண உதவியைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

கட்டணம் பற்றியும் ஒரு சொல். தேர்ச்சிக்குப் பின் திருப்பித் தருகிறோம் என்கிறீர்கள். பருவத் தொடக்கத்தில் மொத்தமாகக் கட்டுவதற்குப் பணம் இருப்பவருக்குத்தான் அது உதவி. இல்லாதவர் கடன் வாங்கிக் கட்டுகிறார், ஒரு தாளில் தவறினால் அந்தத் தொகையும் இல்லை. கல்வி நிறுவனத்துக்குத் துறையே நேரடியாகக் கட்டிவிட்டு, படிப்பைக் காரணமின்றிக் கைவிட்டவரிடம் மட்டும் தவணை முறையில் ஊதியத்தில் பிடித்தம் செய்யலாமே.

மறுமொழி: குற்றவியல் விரிவுரையாளர்

பாடத் தேர்வில் கட்டுப்பாடு தேவையா என்ற இரண்டாவது கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். பணியில் உள்ள காவலர்களும் அதிகாரிகளும் என் வகுப்புகளில் படித்திருக்கிறார்கள்.

காவல் பணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பு ஏற்படுத்தியவர்களில் முதலில் பேசப்படுபவர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர். 1908இல் தம் காவலர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிய அவர், 1916இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் குற்றவியல் வகுப்புகள் தொடங்கவும் காரணமாக இருந்தார். அவரிடம் கல்லூரிப் பட்டம் இருக்கவில்லை. பிற்காலத்தில் அவரே பேராசிரியர் ஆனார்.

அரசு பெரிய அளவில் பணத்தை இறக்கியது 1968இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம், காவல் பணியாளர் அனைவரும் பட்டதாரிகளாக இருப்பதே இறுதி இலக்கு என்று பரிந்துரைத்திருந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பணியில் இருப்பவர்களுக்கு மானியமும், பணியில் சேர விரும்பும் மாணவர்களுக்குக் கடனும் வழங்கப்பட்டன. பணம் வருகிறது என்றதும் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு காவல் பாடப்பிரிவுகளைத் தொடங்கின. விளைவை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை, குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் முதன்மையாக எழுதியது, 1978இல் வெளிவந்தது. அந்தப் பாடப்பிரிவுகள் பலவற்றில் ஓய்வுபெற்ற அல்லது பணியில் உள்ள காவல் அதிகாரிகளே பகுதிநேரமாகப் பாடம் நடத்தினார்கள். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததையே கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்துவிட்டு அதற்கு மதிப்பெண் போட்டார்கள் என்பதே அதன் சாரம். காவலரை அவருக்குத் தெரிந்த உலகத்துக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டிய கல்வி, அவரை அங்கேயே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், பாடக் கட்டுப்பாடு விதிக்கும் துறைகள் எல்லாமே "பணிக்குத் தொடர்புடைய பாடம்" என்ற சொற்றொடரைத்தான் பயன்படுத்துகின்றன. அதைப் படிக்கும் எழுத்தர் சட்டம், குற்றவியல், காவல் நிர்வாகம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் மோசடி வழக்கு ஒன்றில் வங்கிக் கணக்கு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகை காலையில் ஒரு கணக்குக்குள் வந்து, மாலைக்குள் பல கூறுகளாகப் பிரிந்து பல கணக்குகளுக்குப் போய், சில நாள் கழித்து வேறொரு பெயரில் ஓரிடத்தில் மறுபடி சேர்கிறது. வணிகவியல் படித்தவர் அதைத் தாளில் பார்த்தவுடன் பென்சிலால் கோடு இழுத்து இணைத்துவிடுவார். குற்றவியல் முதுகலைப் பட்டம் பெற்றவர் அதே தாளை நாள் முழுவதும் பார்த்தாலும் எண்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மனநலம் குன்றியவரிடம் பேச வேண்டிய இடத்தில் உளவியல் படித்தவரும், காது கேளாதவரின் புகாரைப் பெற வேண்டிய இடத்தில் சைகை மொழி அறிந்தவரும், தரவுகளை அலச வேண்டிய இடத்தில் புள்ளியியல் அறிந்தவரும் தேவை. எனவே விலக்கப்பட்ட பாடங்களின் பட்டியல் ஒன்று இருந்தால் இருக்கட்டும், அனுமதிக்கப்பட்ட பாடங்களின் பட்டியல் வேண்டாம்.

படித்தவர் பணியில் வேறுபட்டு நடக்கிறாரா என்ற கேள்வியை மேலிடத்தில் யாராவது எழுப்புவார்கள். அதற்கும் மிகைப்படுத்தாத விடையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் இரு நகரங்களில் நேரடியாகக் கவனித்துத் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரிக் கல்வி பெற்ற அதிகாரிகள் பலத்தைப் பயன்படுத்துவது கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆனால் யாரைக் கைது செய்வது, யாரைச் சோதனையிடுவது என்ற முடிவுகளில் கல்வியால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பட்டம் கொடுத்தால் எல்லாம் மாறிவிடும் என்று வாக்குறுதி தந்து நிதி கேட்டீர்களானால், அடுத்த ஆண்டே கணக்குக் கேட்பார்கள்.

பட்டமல்லாத தொழில்சார் பயிற்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பொய்யான ஒப்புதல் வாக்குமூலங்களால் நிரபராதிகள் சிறை சென்ற வழக்குகள் வெளிவந்த பிறகு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992இல் விசாரணை நேர்காணலுக்கெனப் புதிய முறை ஒன்றை உருவாக்கிக் காவலர்கள் அனைவருக்கும் பயிற்சி தந்தார்கள். நல்ல முறைதான், பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆயினும் 2001இல் வெளியான மதிப்பீடு, வகுப்பறையில் கற்றது பணியிடத்துக்குப் போதிய அளவில் வந்து சேரவில்லை என்றும், நேர்காணல்களை மேற்பார்வையிட்டுத் திருத்துவோர் இல்லாதது அதற்கு முக்கியக் காரணம் என்றும் கண்டது. பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கையில் போடுவதால் ஒரு பயனும் இல்லை. திரும்பி வந்தவர் கற்றதைச் செய்து பார்க்கிறாரா என்று கவனிக்க அவருடைய உடனடி மேலதிகாரிக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி: அழைப்பு மேசை

இந்தத் திரியில் எல்லோரும் காவலர், அதிகாரி என்றே எழுதுகிறீர்கள். கேள்வி காவல் பணியாளர்களைப் பற்றியது. கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்பை எடுக்கும் நான் சீருடை அணிவதில்லை. கைரேகைப் பிரிவில் இருப்பவர், ஆவணக் காப்பறையில் இருப்பவர், கணினிப் பிரிவில் இருப்பவர், ஊதியப் பட்டியல் போடுபவர் எவரும் அணிவதில்லை. எங்களுக்குக் கல்வி உதவி கிடையாது என்று எந்த விதியும் சொல்வதில்லை. விண்ணப்பப் படிவத்தில் காவலர் எண்ணை எழுத ஒரு கட்டம் இருக்கிறது, எங்களிடம் எழுத எண் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் படிப்பின் தேவை கண்கூடானது. மூச்சுத் திணறும் குழந்தையின் தாய் அலறிக்கொண்டே பேசும்போது முகவரியை வாங்க வேண்டும், அதே நேரத்தில் அவரைக் குழந்தையின் அருகிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்தக் குரலில் கேட்பது என்பதற்கெல்லாம் முறையான சான்றிதழ்ப் படிப்புகள் பல நாடுகளில் உள்ளன. பணியில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பயிற்சி, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது மட்டும்தான். எங்கள் பதவிக்குமேல் பதவியே கிடையாது என்பதால், ஊதியத்தில் ஒரு படி கூட்டித் தருவதுதான் எங்களுக்குப் பொருந்தும் ஊக்கம். அதை வரைவில் தனிப் பிரிவாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: நிலையப் பொறுப்பாளர்

மாற்றுக் கருத்து ஒன்றும் இங்கே பதிவாகட்டும். உதவித் திட்டம் என்று தொடங்குவது நாளடைவில் தகுதி விதியாக மாறிவிடும் என்பதே என் அச்சம். முதலில் பட்டம் பெற்றவருக்கு ஒரு படி ஊதியம் கூட்டுவார்கள். பிறகு பதவி உயர்வில் முன்னுரிமை தருவார்கள். கடைசியில் பட்டம் இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது என்பார்கள். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று விதியைத் தளர்த்துவார்கள். நியூயார்க் நகரக் காவல் துறை நெடுங்காலம் கல்லூரிப் பாட மதிப்பலகுகள் (கிரெடிட்) 60 கேட்டுவந்தது; ஆள் சேர்ப்பில் நெருக்கடி வந்ததும் 2025இல் அதை 24ஆகக் குறைத்துவிட்டது. இங்கிலாந்தில் புதிதாகச் சேருவோர் பட்டதாரியாக இருக்க வேண்டும், அல்லது பணியில் சேர்ந்து பட்டம் பெற வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாட்டில், பட்டமில்லாமலும் சேரும் வழி தொடரும் என்று 2022இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. பணியில் சேர்ந்து பட்டம் படிக்கும் அந்த வழியில் பணிநேரத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பணியிடத்துக்கு வெளியே கற்பதற்கு ஒதுக்க வேண்டியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு நேரம் வீதியில் ஆள் இல்லை என்றால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதை மேலே பயிற்றுநர் ஐயாவே சொல்லிவிட்டார்.

நார்வேயிலும் ஃபின்லாந்திலும் காவலராவதற்கே மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்புத்தான் வழி என்று யாராவது எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அங்கே படிப்பு முழுவதும் பணியில் சேருவதற்கு முன்னாலேயே முடிகிறது. ஏற்கெனவே குடும்பமும் இரவுப் பணியும் உள்ள நாற்பது வயதுக்காரரிடம் அதை எதிர்பார்ப்பது வேறு.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் நிலையத்தில் படிப்பவர்களுக்கு என்னால் இயன்ற வசதியைச் செய்துதருகிறேன். ஆனால் வட்டாரத்தின் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிந்த, யார் வீட்டில் பூசல், யார் புதிதாகக் குடிவந்தவர் என்று கேட்காமலே சொல்லக்கூடிய மூத்த காவலரைப் பட்டம் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பின்னுக்குத் தள்ளும் விதியை எழுதிவிடாதீர்கள். ஊக்கம் ஊதியத்தோடு நிற்கட்டும்; பணிமூப்பைத் தொட வேண்டாம்.

கேள்வியாளரின் மறுமொழி: வரைவாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீதிமன்ற அழைப்பாணைக்கு இணையாகத் தேர்வு நாளைக் கருதுவது, குறித்த நாளுக்குள் பதில் இல்லையேல் அனுமதி என்பது, சீருடை அணியாதோருக்குத் தனிப் பிரிவு ஆகிய மூன்றையும் வரைவில் சேர்க்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் உள்ள அந்தக் கட்டத்தை உடனே எடுத்துவிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, செய்துவிடுகிறேன். சேர்ந்த நாளிலிருந்தே ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றினால்தான் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும் என்பதையும் குறித்துக்கொண்டேன். நிலையப் பொறுப்பாளர் சொன்னபடி ஊக்கத்தை ஊதியத்தோடு நிறுத்துவதே நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவதாக இருந்தால், படித்து முடித்தபின் குறைந்தது ஐந்தாண்டுகள் பணியில் இருப்பேன் என்று உறுதிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று நிதிப் பிரிவு கேட்கிறது. இது நியாயமா?

மறுமொழி: குற்றவியல் விரிவுரையாளர்

உறுதிப் பத்திரம் கேட்பது நியாயமே. ஐந்தாண்டு என்பதுதான் மிகை. முன்பு நான் குறிப்பிட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியில் இருந்தபடி மானியம் பெற்றவர் படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் பணியில் தொடர ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதில் இருந்த நிபந்தனை. கடன் பெற்றவர்களுக்கோ, காவல் பணியில் கழித்த ஒவ்வோர் முழு ஆண்டுக்கும் 25 விழுக்காடு தள்ளுபடி ஆகிக்கொண்டே வந்தது. இரண்டாவது முறையையே நான் பரிந்துரைப்பேன். பத்திரக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது விலகுபவரிடம் முழுத் தொகையையும் கேட்பது வழக்குக்குத்தான் வழி வகுக்கும். ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் தொகை என்றால் கொடுப்பவருக்கும் மனம் வரும், வாங்குபவருக்கும் கணக்கு எளிது.

காலத்தைத் தொகையோடு பிணையுங்கள். சில வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கும் இரண்டாண்டு முதுகலைக்கும் ஒரே பத்திரம் என்றால், சிறிய படிப்புக்கு யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். நிலையப் பணியில் இருப்போருக்கு உண்மையில் உதவக்கூடியவை அந்தச் சிறிய படிப்புகள்தாம்.

மறுமொழி: பழைய பயிற்றுநர்

பத்திரத்தில் துறையின் கடமையையும் ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். பணியாளர் இத்தனை ஆண்டு இருப்பேன் என்று கையெழுத்திடும் அதே தாளில், படிப்பு முடியும்வரை அவரை வகுப்புக்குப் போக முடியாத தொலைவுக்கு இடமாற்றம் செய்வதில்லை என்றும், நிர்வாகக் காரணத்தால் செய்ய நேர்ந்தால் அவர் மீதான பத்திரம் செல்லாது, அதுவரை கட்டிய கட்டணத்தையும் கேட்பதில்லை என்றும் துறை கையெழுத்திட வேண்டும். நிதிப் பிரிவு இதற்கு முகம் சுளிக்கும். ஆனால் முதல் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டுக்குப் புத்தகம் வாங்கிய வாரத்தில் இடமாற்ற ஆணை வந்து, படிப்பும் போய், பத்திரத் தொகைக்காக ஊதியத்திலும் பிடித்தம் தொடங்கிய காவலர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையத்திலிருந்து அதன் பிறகு யாரும் விண்ணப்பிக்கவில்லை.